பெரிய தமனிகளின் அழற்சி உள்ளவர்களுக்கு இதயத் துடிப்பு மருந்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதயத் துடிப்பைச் சீராக்கும் மாத்திரையும் தமனியின் அழற்சியைத் தணிக்கும் மாத்திரையும் பெரும்பாலும் இரண்டு வேறு மருத்துவர்களின் சீட்டுகளில் வருகின்றன. ஒருவர் இதய மருத்துவர், மற்றவர் வாதநோய் மருத்துவர். இரண்டு சீட்டும் போய்ச் சேரும் உடல் ஒன்றுதான் என்பதால், ஒரு சீட்டில் செய்யும் சிறு மாற்றம் மற்றதில் உள்ள மருந்தின் வேலையையும் மாற்றிவிடுகிறது. நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாரும் இதுபற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் தாமாகத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

பெரிய தமனிகளின் அழற்சி என்று எந்த நோய்களைச் சொல்கிறோம்?

நோயை எதிர்க்க வேண்டிய அணுக்கள் ரத்தக் குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்து அதைத் தடிக்கவும் சுருங்கவும் சில இடங்களில் பலூன்போல விரியவும் செய்யும் நோய்கள் பல உண்டு. அவற்றில் அயோர்ட்டா எனப்படும் பெருந்தமனியையும் அதன் முதன்மைக் கிளைகளையும் குறிவைப்பவை இரண்டு. ஒன்று டகாயாசு ஆர்ட்டிரைட்டிஸ். மிகிட்டோ டகாயாசு என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் 1908-இல் ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் கண்ட ரத்தக் குழாய் மாற்றங்களை விவரித்ததால் அவருடைய பெயரில் வழங்கும் இந்நோய், பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு வருகிறது. கைக்குப் போகும் தமனி அடைபட்டு மணிக்கட்டில் நாடி கிடைக்காமல் போவதால் இதை ‘நாடியற்ற நோய்’ என்றும் சொல்வார்கள். மற்றொன்று ஜயன்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸ். இது 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் நோய். புதிதாகத் தொடங்கும் தலைவலி, மெல்லும்போது தாடையில் வலி, திடீர்ப் பார்வை இழப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். நெற்றிப்பொட்டில் ஓடும் தமனியோடு நிற்காமல் பலருக்குப் பெருந்தமனியிலும் அழற்சி இருக்கும்.

தமனியில் இருக்கும் நோய் இதயத் துடிப்பை ஏன் குலைக்க வேண்டும்?

வழிகள் பல. பெருந்தமனியின் அடிப்பகுதி விரிந்தால் அங்குள்ள வால்வு சரியாக மூடாமல் கசியும், இடது கீழறை பெருக்கும், நாளடைவில் மேலறையும் இழுபட்டு விரியும். சிறுநீரகத் தமனி சுருங்கினால் ரத்த அழுத்தம் ஏறும், அதனால் இதயத் தசை தடிக்கும். பெருந்தமனியிலிருந்து இதயத் தமனிகள் பிரியும் வாயிலேயே சுருக்கம் விழுந்தால், இள வயதிலேயே இதயத் தசைக்கு ரத்தம் குறையும். நுரையீரல் தமனியைத் தாக்கினால் வலப்பக்க இதயம் சிரமப்படும். சிலருக்கு இதயத் தசையிலேயே அழற்சி இருக்கும். விரிந்த மேலறையில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கம் தோன்றுவதும், புண்பட்ட கீழறையில் ஆபத்தான வேகத் துடிப்பு தோன்றுவதும் இவற்றின் தொடர்ச்சிதான்.

ஆகவே துடிப்பு மருந்து எழுதுவதற்கு முன் எக்கோ பரிசோதனையும், தேவைப்பட்டால் இதயத் தமனிகளின் படமும் வேண்டும். எந்த மருந்து யாருக்கு ஆகாது என்பதை அந்தப் படங்கள்தாம் பெரிதும் தீர்மானிக்கின்றன.

ஸ்டீராய்டு தொடங்கிய பிறகே படபடப்பு வந்தது. அது மருந்தினாலா, நோயினாலா?

இரண்டினாலும் இருக்கலாம். தமனி அழற்சியைத் தணிக்கும் முதன்மை மருந்து ஸ்டீராய்டு. தீவிர நிலையில் அந்த வகையைச் சேர்ந்த பிரெட்னிசலோன் நாளொன்றுக்கு 40 முதல் 60 மில்லிகிராம் வரை தொடங்கப்படுகிறது. பார்வைக்கு ஆபத்து இருந்தால் மெத்தில்பிரெட்னிசலோன் ஊசியாக ஒரே நாளில் 1,000 மில்லிகிராம் வரைகூடச் செலுத்தப்படும். இப்படிப் பெரிய அளவில் ஏற்றும்போது துடிப்பு மிகவும் மந்தமாவது, மேலறை நடுக்கம் வருவது ஆகிய இரண்டும் அறியப்பட்ட விளைவுகள். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு அந்த ஊசியை மானிட்டர் பொருத்தி மெதுவாகச் செலுத்துவதன் காரணம் இதுவே.

மாத்திரையாக நீண்ட நாள் எடுக்கும்போது தொல்லை வேறு வழியில் வருகிறது. ஸ்டீராய்டு உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, பொட்டாசியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றும். வீக்கத்துக்கு நீர் மாத்திரையும் சேர்ந்தால் இழப்பு கூடும். வயிற்றைக் காக்க ஸ்டீராய்டோடு கொடுக்கும் ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்றவற்றை மாதக்கணக்கில் எடுத்தால் மக்னீசியமும் குறையலாம். பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்த ரத்தத்தில் துடிப்பு மருந்து தன் குணத்தையே மாற்றிக்கொள்ளும்: சீராக்க வந்த மருந்து துடிப்பைக் கெடுக்கத் தொடங்கும். பொட்டாசியம் 3.5-க்கு மேல் இருந்தால் ஆய்வக அறிக்கை ‘இயல்பு’ என்று அச்சிட்டுவிடும். துடிப்புக் கோளாறு உள்ளவருக்கு அது லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் குறையாமல் இருப்பதையே மருத்துவர்கள் விரும்புகிறார்கள். அறிக்கையில் தடித்த எழுத்து இல்லை என்பதற்காக அதை மடித்து வைத்துவிடாதீர்கள்.

என் கையில் நாடியே சரியாகக் கிடைக்கவில்லை. மருந்து வேலை செய்கிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

டகாயாசு நோயாளிகள் கேட்கும் கேள்விகளில் மிக முக்கியமானது இதுவே என்பது என் கருத்து. துடிப்பு மருந்துகளின் அளவை நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துத்தான் கூட்டுகிறோம், குறைக்கிறோம். அந்த இரண்டுமே இந்த நோயில் பொய் சொல்லக்கூடும்.

இடது தோளுக்கடியில் ஓடும் தமனி அடைபட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். இடக்கையில் கருவி 90/60 என்று காட்டும். அதே நிமிடத்தில் வலக்கையில் 160/80 இருக்கும். இடக்கையின் எண்ணை நம்பினால் ‘அழுத்தம் குறைந்துவிட்டது’ என்று, துடிப்பையும் அழுத்தத்தையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தை நிறுத்திவிடுவார்கள். மூளையும் இதயமும் சிறுநீரகமும் உண்மையில் தாங்கிக்கொண்டிருப்பது 160-ஐ. இரண்டு கைகளின் மேல் அழுத்தத்துக்கும் இடையே 10 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருப்பது, 1990-இல் அமெரிக்க வாதநோய்க் கல்லூரி வகுத்த அளவுகோல்களில் இந்த நோயின் ஓர் அடையாளமாகவே சேர்க்கப்பட்டது. எனவே எந்தக் கையில் அல்லது காலில் பார்க்கும் அழுத்தம் உங்களுக்கு உண்மையானது என்பதை, தமனிகளின் படத்தை வைத்து மருத்துவரிடம் ஒருமுறை உறுதிசெய்து சீட்டின் மேல் பகுதியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு கைகால்களின் தமனிகளும் பாதிக்கப்பட்ட சிலருக்கு, ரத்தக் குழாய்க்குள் குழல் செலுத்தித்தான் உண்மையான அழுத்தத்தை அறிய முடியும்.

துடிப்பை எண்ண மணிக்கட்டை விட்டு மார்புக்குப் போங்கள். இடது மார்புக் காம்புக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையை வைத்தோ, ஸ்டெதஸ்கோப் வைத்தோ, முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் ஒழுங்கற்ற துடிப்புக்குப் பொருந்தாது. கழுத்தில் அழுத்தி எண்ண வேண்டாம். கழுத்துத் தமனியும் இந்த நோயின் இலக்குகளில் ஒன்று. கைக்கடிகாரக் கருவிகளில் தோலுக்கடியில் ஒளி பாய்ச்சி எண்ணும் வகைக்குக் கையில் ரத்த ஓட்டம் வேண்டும், ஆகவே அடைபட்ட கையில் அதை நம்ப முடியாது. விரலை வைத்து இ.சி.ஜி. பதியும் வகை மின்னோட்டத்தைப் பதிவதால் நாடி இல்லாத கையிலும் பயன்படும்.

பீட்டா பிளாக்கர் எல்லோருக்கும் பொருந்துமா?

மெட்டோபிரலால், பைசோபிரலால் ஆகிய பீட்டா பிளாக்கர்கள் மேலறை நடுக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்த முதலில் எடுக்கும் மருந்துகள். உயர் அழுத்தத்துக்கும் உதவுவதால் இந்த நோயாளிகளில் பலருக்கு அவை நல்ல தேர்வு. ஆனால் வால்வுக் கசிவு கடுமையாக இருப்பவருக்குத் துடிப்பை மிகவும் மந்தமாக்கக் கூடாது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இதயம் ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. அந்த நேரம் நீண்டால் கசியும் அளவும் கூடும். மற்றொரு கவனம், மூளைக்குப் போகும் தமனிகள் இறுகியவர்களுக்கு உரியது. அவர்களுடைய மூளைக்கு ரத்தம் போய்ச் சேர ஓரளவு அழுத்தம் தேவைப்படுகிறது. மருந்தை வேகமாகக் கூட்டி அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டும், சிலர் மயங்கி விழுவார்கள். சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவதுதான் பாதுகாப்பு.

ஸ்டீராய்டினால் சர்க்கரை ஏறி இன்சுலின் போடுபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சர்க்கரை திடீரென இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும். வியர்வை மட்டும் பெரும்பாலும் மறையாது.

வெராபமில், டில்டியாசம் பற்றி?

இதயத்தின் சுருங்கும் திறன் நன்றாக இருந்தால் இவையும் வேகத்தைக் கட்டுப்படுத்தும். திறன் குறைந்தவர்களுக்கு ஆகாது. பீட்டா பிளாக்கரோடு சேர்த்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு மந்தமாகலாம். இவை கல்லீரலில் 3ஏ4 என்ற நொதியைத் தடுப்பதால் அந்த நொதி கரைக்கும் மருந்துகள் ரத்தத்தில் தேங்கும். டில்டியாசம் மெத்தில்பிரெட்னிசலோனின் அளவைக் கணிசமாக உயர்த்துகிறது, பிரெட்னிசலோனில் அந்த விளைவு குறைவு. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் மருந்தளவைச் சோதிக்காமல் இவற்றைச் சேர்க்கக் கூடாது. ரத்த உறைவைத் தடுக்கும் தபிகாட்ரான் எடுப்பவருக்கு வெராபமில் சேர்த்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும்.

டிஜாக்சின் பழைய மருந்து. இன்னும் தருகிறார்களே?

இதயம் பலவீனமானவர்களுக்கும் அழுத்தம் குறைவாக உள்ளவர்களுக்கும் அது இன்றும் பயன்படுகிறது, ஏனெனில் அழுத்தத்தை அது இறக்குவதில்லை. ஆனால் நன்மை தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. பொட்டாசியம் குறைந்தால் அதே அளவு மாத்திரையே நஞ்சின் விளைவைக் காட்டும். சிறுநீரகத் தமனி சுருங்கியிருந்தால் மருந்து வெளியேறாமல் சேரும். பசியின்மை, குமட்டல், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிவது ஆகியவற்றை ஸ்டீராய்டின் வயிற்றுக் கோளாறு என்று ஒதுக்கிவிடாமல் அன்றே ரத்தச் சோதனை செய்ய வேண்டும்.

அமியோடரோன் வலிமையான மருந்து என்கிறார்கள். எனக்கு ஏன் அதை எழுதினார்கள்? அதில் எதற்குப் பயப்பட வேண்டும்?

இதயத்தின் அமைப்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு, குறிப்பாகச் சுருங்கும் திறன் குறைந்தவர்களுக்கு, கொடுக்கக்கூடிய துடிப்பு மருந்துகள் மிகச் சில. அவற்றில் முதன்மையானது அமியோடரோன். வேறு வழி குறைவு என்பதால்தான் எழுதுகிறார்கள். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அயோடின். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. தைராய்டுக்கு ஒரு நாளில் தேவைப்படும் அயோடினோ 0.15 மில்லிகிராம்தான். இதனால் தைராய்டு மந்தமாகவும் போகலாம், அளவுக்கு மீறிச் சுரக்கவும் செய்யலாம். தொடங்கும் முன்பும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் தைராய்டு, கல்லீரல் சோதனைகள் அவசியம். மார்பு எக்ஸ்ரேயும் முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும்.

தமனி அழற்சி உள்ளவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது: அமியோடரோனின் பக்க விளைவுகள் சில, அழற்சி நோயே மீண்டும் தலைதூக்குவதுபோலத் தோற்றம் தருகின்றன. நுரையீரலை அது பாதித்தால் வறட்டு இருமல், மூச்சிரைப்பு, காய்ச்சல், எடைக் குறைவு, அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையான இ.எஸ்.ஆர். உயர்வு ஆகியவை வரும். அழற்சி திரும்பியது என்று எண்ணி ஸ்டீராய்டைக் கூட்டினால் சற்றுக் குறையவும் செய்யும், ஏனெனில் அமியோடரோன் நுரையீரல் பாதிப்புக்கும் ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு. மறுபடி குறைக்கும்போது தொல்லை மீளும். அமியோடரோனால் வரும் தைராய்டு மிகைச் சுரப்பில், சுரப்பியை அழித்து ஹார்மோனைக் கொட்டவைக்கும் இரண்டாம் வகைக்கும் ஸ்டீராய்டே மருந்து என்பதால், ஸ்டீராய்டு குறையும் காலத்தில் அது வெளிப்படக்கூடும். தமனி அழற்சிக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டும் நுரையீரலையும் கல்லீரலையும் தாக்கவல்லது. இரண்டையும் சேர்த்து எடுப்பவரின் புதிய இருமலை ஒரு நாளும் அலட்சியப்படுத்தக் கூடாது.

கண்ணிலும் இதே குழப்பம் உண்டு. அமியோடரோன் எடுப்பவர்களில் பெரும்பாலோரின் கருவிழியில் நுண்ணிய படிவுகள் இருக்கும், அவற்றால் பார்வை கெடுவதில்லை. அரிதாகப் பார்வை நரம்பு பாதிக்கப்பட்டால் பெரும்பாலும் மெதுவாக, பல நேரம் இரு கண்ணிலும் மங்கும். ஜயன்ட் செல் அழற்சியிலோ பார்வை சில மணி நேரத்துக்குள், வலியின்றிப் போய்விடும், உடனே மருத்துவம் செய்யாவிட்டால் மறு கண்ணும் போகும். எது காரணம் என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. பார்வை மங்கினால் அன்றைய தினமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஃப்ளெக்கைனைடு பலருக்கு நன்றாக வேலை செய்கிறதாமே. எனக்கு ஏன் கொடுக்க மறுக்கிறார்கள்?

மறுப்பதற்குப் பின்னால் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. மாரடைப்பு வந்தவர்களின் கூடுதல் துடிப்புகளை அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்று நம்பி 1980-களின் பிற்பகுதியில் ‘காஸ்ட்’ என்ற ஆய்வை நடத்தினார்கள். ஃப்ளெக்கைனைடும் என்கைனைடும் கூடுதல் துடிப்புகளை அடக்கவே செய்தன, ஆனால் அவற்றை எடுத்தவர்கள் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். 1989-இல் அந்தப் பகுதியை இடையிலேயே நிறுத்தினார்கள். அன்றுமுதல் ரத்தக் குறைவால் பாதிக்கப்பட்ட இதயத்துக்கும், தழும்பு விழுந்த அல்லது பலவீனமான இதயத்துக்கும் ஃப்ளெக்கைனைடு, ப்ரோபஃபினோன் வகை மருந்துகளைத் தவிர்க்கிறார்கள். டகாயாசு நோயில் இதயத் தமனியின் வாயில் சுருக்கம் எவ்வித நெஞ்சுவலியும் இல்லாமல் இருக்கக்கூடும். வயது 28தானே, மாரடைப்பு எங்கிருந்து வரும் என்ற எண்ணத்தில் இதயத் தமனிகளைப் படமெடுக்காமல் இந்த மருந்தைத் தொடங்குவது சரியல்ல.

க்யூ.டி. இடைவெளி என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

ஒவ்வொரு துடிப்புக்கும் பின் கீழறை மின்னளவில் மீண்டும் தயாராக ஒரு நேரம் எடுக்கிறது. இ.சி.ஜி. தாளில் ‘க்யூ’ என்ற புள்ளியிலிருந்து ‘டி’ அலையின் முடிவு வரை அளக்கும் நீளம் அது. துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திய பின் அது 500 மில்லிவிநாடியைத் தாண்டினால், முறுக்கிய கயிறுபோல் அலைகள் சுழலும் ஓர் உயிராபத்தான வேகத் துடிப்பு தோன்றும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது. சோட்டலால் என்ற துடிப்பு மருந்து இந்த இடைவெளியை நேரடியாக நீட்டுகிறது. அது சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்து என்பதால், சிறுநீரகத் தமனி சுருங்கியவருக்குத் தேங்கும். அதனால் மருத்துவமனையில் வைத்து, சிறுநீரகத் திறனைக் கணக்கிட்டு, இ.சி.ஜி. பார்த்தபடி தொடங்குவதே முறை. அழற்சியும் தன்பங்குக்கு இந்த இடைவெளியை நீட்டக்கூடியது என்பதால், நோய் தீவிரமாக இருக்கும் வாரங்களில் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

அப்படியானால் சாதாரணக் காய்ச்சலுக்கும் சளிக்கும் எந்த மருந்து எடுப்பது?

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்குத் தொற்று எளிதில் வரும், அதனால் ஆன்டிபயாட்டிக் அடிக்கடி தேவைப்படும். அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல், வாந்திக்குத் தரும் ஆன்டன்செட்ரான், டாம்பெரிடோன் ஆகிய அனைத்தும் க்யூ.டி. இடைவெளியை நீட்டக்கூடியவை. சோட்டலால் அல்லது அமியோடரோன் எடுப்பவர் இவற்றைக் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

லீவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் அடங்கிய ஃப்ளூரோகுவினோலோன் குடும்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இவை பெருந்தமனியின் சுவரைப் பலவீனப்படுத்தி வீக்கமோ கிழிசலோ உண்டாக்கக்கூடும் என்று 2018-இல் ஐரோப்பிய, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் எச்சரித்தன. ஐரோப்பிய எச்சரிக்கையில் டகாயாசு, ஜயன்ட் செல் ஆகிய இரு நோய்களும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளன. வேறு மருந்து இருக்கும்வரை இவர்களுக்கு அந்தக் குடும்பம் வேண்டாம். புதிதாகப் பார்க்கும் எந்த மருத்துவரிடமும் ‘எனக்குப் பெருந்தமனியில் அழற்சி இருக்கிறது’ என்று முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள்.

நடக்கும்போது கால் வலிப்பதற்குத் தரும் சிலோஸ்டசோலும் கவனிக்க வேண்டியது. அது துடிப்பை வேகப்படுத்தும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு விலக்கப்பட்டது. டில்டியாசம் சேர்ந்தால் அதன் அளவும் ரத்தத்தில் ஏறும்.

டோசிலிசுமாப் ஊசி தொடங்கிய பிறகு பழைய மருந்துகளின் அளவை ஏன் மறுபடி பார்க்கிறார்கள்?

அழற்சியின் முதன்மைத் தூதுவரான இன்டர்லூக்கின்-6, கல்லீரலில் மருந்துகளைக் கரைக்கும் நொதிகளை அடக்கி வைக்கிறது. நோய் கொந்தளிக்கும் காலத்தில் கல்லீரல் மந்தமாக வேலை செய்யும், மாத்திரைகள் ரத்தத்தில் கூடுதலாக நிற்கும். அந்த நிலையில்தான் உங்கள் இதய மருந்தின் அளவை ஒத்துப்பார்த்து முடிவு செய்திருப்பார்கள். டோசிலிசுமாப் அந்தத் தூதுவரின் வாயிலை அடைத்ததும் நொதிகள் விழித்துக்கொண்டு மருந்தை வேகமாகக் கரைக்கும். மூட்டுவாத நோயாளிகளிடம் ஒரே ஒரு டோஸ் கொடுத்து ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினின் அளவு 57 சதவீதம் குறைந்திருந்தது. ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரினும், டில்டியாசம், வெராபமில் ஆகியவையும் இதே வகை நொதிகளை நம்பியவை. நேற்றுவரை போதுமாக இருந்த மாத்திரை இன்று போதாமல் போகலாம். ஊசியை நிறுத்தினால் இது தலைகீழாகத் திரும்பும், அதுவும் பல வாரங்கள் கழித்து. ஆகவே தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் இரு மருத்துவர்களுக்கும் தெரிய வேண்டும். இந்த ஊசி எடுக்கையில் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். என்ற அழற்சிச் சோதனை எண்கள் இரண்டும் நோய் இருந்தாலும் இறங்கியே காட்டும் என்பதையும் இதய மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். புதிய படபடப்புக்கு ‘அழற்சி காரணமில்லை’ என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

மேலறை நடுக்கத்துக்கு ரத்த உறைவுத் தடுப்பு மருந்தும் சேர்க்கிறார்கள். ஆஸ்பிரின் ஏற்கெனவே எடுக்கிறேனே, போதாதா?

போதாது. மேலறையில் உறையும் ரத்தம் மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வருவதை ஆஸ்பிரின் சரியாகத் தடுப்பதில்லை. வயது, உயர் அழுத்தம், சர்க்கரை, இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம், தமனி நோய் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு முடிவெடுப்பார்கள். தேவை என்று முடிவானால் அபிக்சபான் போன்ற புதிய மருந்துகளே இப்போது பலருக்கும் முதல் தேர்வு. பெருந்தமனியின் அடிப்பகுதியை மாற்றும் அறுவையில் உலோக வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கு அவை ஆகாது, அவர்கள் வார்ஃபரினையே தொடர வேண்டும்.

வார்ஃபரின் எடுப்பவர்களின் ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண்ணை இந்த நோயின் ஏறத்தாழ எல்லா மருந்துகளும் அசைக்கின்றன. பெரிய அளவு ஸ்டீராய்டு அதை ஏற்றும். தொற்றைத் தடுக்கத் தரும் கோட்ரைமாக்சசோல் ஏற்றும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோப்ரின் இறக்கும். அமியோடரோன் சில வாரங்களில் மெல்ல ஏற்றும், அதற்காக வார்ஃபரினை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைக்க நேரும். மருந்து மாறும் வாரங்களில் மாதம் ஒருமுறைச் சோதனை போதாது. ஆஸ்பிரினையும் சேர்த்துத் தொடர்வதா என்பது ஸ்டென்ட் வைத்திருக்கிறதா, இதயத் தமனியில் நோய் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஸ்டீராய்டோடு சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடுவதால், காரணமில்லாமல் இரண்டையும் தொடர விடக் கூடாது.

வேகத் துடிப்பு வந்தால் கழுத்தைத் தடவினால் நிற்கும் என்றார் ஒருவர். செய்யலாமா?

கூடாது. கழுத்துத் தமனியை அழுத்தித் தேய்க்கும் முறை, அந்தத் தமனியில் நோய் உள்ளவருக்குப் பக்கவாதத்தைக் கொண்டுவரலாம். படுத்தபடி மூச்சை அடக்கி முக்கும் முறையை மருத்துவர் சொல்லித் தந்திருந்தால் அதைச் செய்யலாம். மயக்கம், நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் செயலிழத்தல், முதுகைக் கிழிப்பதுபோன்ற திடீர் வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எதையும் முயலாமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

குழந்தை பெற விரும்புகிறேன். எந்த மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும்?

டகாயாசு நோய் வருவது பெரும்பாலும் இந்த வயதில்தான் என்பதால், இக்கேள்வியைக் கருவுற்ற பிறகு கேட்பதைவிட ஆறு மாதம் முன்னதாகக் கேட்பது நல்லது. தமனி அழற்சிக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினோலேட் இரண்டும் கருவைச் சிதைக்கக்கூடியவை, கருத்தரிக்கும் முன்பே நிறுத்தப்பட வேண்டும். வார்ஃபரின் முதல் மூன்று மாதங்களில் கருவின் எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கும், எனவே பலருக்கும் ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுவார்கள். உலோக வால்வு உள்ளவருக்கு இந்த முடிவு மிகச் சிக்கலானது. அமியோடரோன் குழந்தையின் தைராய்டைப் பாதிக்கும், அது உடலை விட்டு நீங்கவே மாதக்கணக்காகும். மெட்டோபிரலால், டிஜாக்சின் ஆகியவற்றைக் கண்காணிப்போடு தொடரலாம். அட்டெனலாலைத் தவிர்ப்பார்கள், ஏனெனில் குழந்தையின் வளர்ச்சி குன்றுகிறது. பிரெட்னிசலோனும் அசாதயோப்ரினும் தொடரக்கூடியவை.

மாத்திரைக்குப் பதிலாக அப்லேஷன் செய்துகொள்ளலாமா?

குழல் வழியே சென்று கோளாறான திசுவைச் சுடும் இந்தச் சிகிச்சை தொடையின் சிரை வழியாக நடப்பதால், தமனி நோய் பெரும்பாலும் தடையாகாது. கீழறைக் கோளாறுக்குச் சில நேரம் தமனி வழியே போக வேண்டியிருக்கும், அப்போது தமனிகளின் படம் முன்கூட்டியே வேண்டும். அழற்சி கட்டுக்குள் வந்த பிறகு செய்வது நல்லது. கொந்தளிக்கும் திசுவைச் சுட்டால் கோளாறு மீண்டும் தோன்றும் வாய்ப்பு கூடும்.

தமனி அழற்சி அடங்கி, ஸ்டீராய்டும் நின்றுவிட்டால் இதய மருந்தையும் நிறுத்தலாமா?

சிலருக்கு முடியும், ஆனால் ஒவ்வொரு மருந்துக்கும் பதில் வேறு. கடும் அழற்சியின்போதோ ஸ்டீராய்டு ஊசியின்போதோ ஒரே ஒருமுறை வந்து போன கோளாறு என்றால், சில மாதங்கள் கழித்து 24 மணி நேர இ.சி.ஜி. பதிவு எடுத்துப் பார்த்துத் துடிப்பு மருந்தைக் குறைப்பார்கள். மேலறை விரிந்து, வால்வும் கசிந்துகொண்டிருந்தால் அழற்சி அடங்கியதால் மட்டும் அந்தக் காரணம் மறையாது. உறைவுத் தடுப்பு மருந்தை முடிவு செய்வது பக்கவாத வாய்ப்பு, இப்போது துடிப்பு சீராக இருக்கிறதா என்பது அல்ல. மதிப்பெண் கூடியவர் துடிப்பு சீரான பிறகும் அதைத் தொடர வேண்டும்.

ஸ்டீராய்டைக் குறைக்கும் மாதங்களில் வேறொரு குழப்பமும் நேர்கிறது. ஸ்டீராய்டால் ஓய்ந்திருந்த அட்ரினல் சுரப்பி இன்னும் விழிக்காததால் சோர்வு, குமட்டல், எழுந்தால் தலைசுற்றல், குறைந்த அழுத்தம் ஆகியவை வரும், அவற்றை இதய மருந்தின் பக்க விளைவு என்று எண்ணி அதை நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சுரப்பி சுரக்கும் கார்டிசால் அளவைக் காலையில் சோதித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். அமியோடரோனை நிறுத்தியவர்களுக்கு இன்னொன்று: அதன் அளவு உடலில் பாதியாகக் குறையவே சராசரியாக 50 நாளுக்கு மேல் ஆகிறது. கடைசி மாத்திரையை விழுங்கி மூன்று மாதம் ஆன பிறகு புதிதாக ஒரு மருந்தை எழுதும் மருத்துவரிடமும் ‘அமியோடரோன் எடுத்தேன், இந்தத் தேதியில் நிறுத்தினேன்’ என்று சொல்லுங்கள். தைராய்டுச் சோதனையையும் அதன் பிறகு ஓராண்டு வரை தொடருங்கள்.